காலி அடைப்புக்குறிக்கு என்ன அர்த்தம்?

என் அக்கா மகன் கொடைக்கானலில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி கால்பந்து அணியில் லெஃப்ட் பேக். ஆகஸ்டில் ஒரு நாள் போன் பண்ணினான். “மாமா, ஏஜெண்ட்கிட்ட கேட்டுட்டேன். இந்த மாசம் நம்ம பக்கம் மேட்ச் எதுவும் இல்லையாம். சனி ஞாயிறு உங்க வீட்டுக்கு வரேன்.” வந்தான், பிரியாணி சாப்பிட்டான், படம் பார்த்தான். அந்தச் சனிக்கிழமைதான் குறுவட்டப் போட்டி. பி.டி. சார் நோட்டீஸை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார். அந்த குரூப் இருந்தது அக்கா போனில். 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் அவனுக்கு அதுதான் கடைசி வருஷம்.

அந்த ஏஜெண்ட்டை அவனுக்கு அமைத்துக் கொடுத்தது நான்தான். எனவே இதை விமர்சனம் என்று படித்தாலும் சரி, வாக்குமூலம் என்று படித்தாலும் சரி.

நான் இணைத்திருந்தது அமெரிக்காவின் சிறுவர் சாக்கர் லீக்குகளை மனதில் வைத்து யாரோ எழுதிய ஒரு சின்னத் தேடுகருவி. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி. நெறிமுறைப்படி இயங்குவது. இந்த முறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு தேவை என்ற பட்டியல் இருக்கும். மாடல் விளக்கத்தைப் படித்துவிட்டு, எப்போது கூப்பிடலாம் என்று தானே முடிவு செய்யும். இந்தக் கருவியின் விளக்கத்தில் ‘இடமும் சுற்றளவும் கொடுத்தால் சிறுவர் சாக்கர் நிகழ்வுகளைத் தரும்’ என்று இருந்தது. எந்த நாட்டில் என்று ஒரு வார்த்தை இல்லை.

அதன் சொந்த ஊரில் அது நல்ல கருவிதான். மைதானத்தின் எண், வயதுப் பிரிவு, நேர மண்டலத்தோடு ஆட்ட நேரம் எல்லாம் சுத்தமாக வருகிறது. வயதை ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடுவதா, ஆகஸ்ட் 1-ஐ வைத்தா என்று அங்குள்ள அமைப்புகளே மாற்றி மாற்றி முடிவெடுக்கின்றன. அதற்கும் ஒரு புலம் வைத்திருக்கிறார். கவனமான ஆள்.

கொடைக்கானலில் என்ன ஆகிறது பாருங்கள். முதலில் இங்கே யாரும் சாக்கர் என்று சொல்வதில்லை. லீக்கும் கிடையாது; குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும் பள்ளிப் போட்டிகள். அவற்றுக்குப் பெயர் ‘குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள்’. நடப்பதோ பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில்! பெயரை நம்பி ஜனவரி 26-ஐத் தேடும் எந்த மாடலையும் நான் குறை சொல்ல மாட்டேன். ‘சீசன்’ எப்போது என்று கேட்டால் கொடைக்கானல்காரர் ஏப்ரல், மே என்பார். அது டூரிஸ்ட் சீசன்.

அடுத்தது சுற்றளவு. கருவி அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நேர்க்கோட்டுத் தூரம் கணக்கிடுகிறது. கொடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 15 கி.மீ.தான். காக்காய்க்கு அது சரி. பையன் பஸ்ஸில் போக வேண்டுமென்றால் காட் ரோட்டில் வளைந்து வளைந்து அடிவாரம் இறங்கி, திரும்பவும் தேவதானப்பட்டி பக்கம் போக வேண்டும். அடுக்கம் வழியாக ஒரு குறுகிய சாலை உண்டு; மழை பெய்தால் மண் சரிந்து அடைத்துக்கொள்ளும். இத்தனைக்கும் பெரியகுளம் தேனி மாவட்டம், கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம். தரவு இருந்திருந்தாலும் இவனுக்குச் சம்பந்தமில்லாத மேட்சைத்தான் ‘அருகில்’ என்று காட்டியிருக்கும்.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். உலகம் முழுக்க எல்லா ஊர் வழக்கத்தையும் ஒருவரால் எழுதி முடியாது. என்னால் மன்னிக்க முடியாதது, பதிவுக்கோப்பைத் திறந்தபோது கண்ட இரண்டே எழுத்துகள்: []. காலிப் பட்டியல். அமெரிக்காவில் ஒரு கவுண்டியில் அந்த வாரம் நிஜமாகவே ஆட்டம் இல்லையென்றாலும் இதே []. இந்தியாவைப் பற்றி ஒரு வரி தரவுகூட இல்லையென்றாலும் இதே []. மாடல் அதை ‘மேட்ச் எதுவும் இல்லை’ என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டது.

தரவுத்தள ஆராய்ச்சியில் இது பழைய விஷயம். ரேமண்ட் ரைட்டர் 1978-லேயே ‘மூடிய உலக அனுமானம்’ என்று பெயர் வைத்து எழுதிவிட்டார்: பட்டியலில் இல்லாதது உலகிலும் இல்லை என்று கொள்வது. ரயில் அட்டவணைக்கு அது பொருந்தும். நமக்குப் பத்திரிகை வரவில்லை என்பதற்காக ஊரில் கல்யாணமே இல்லை என்று சொல்வோமா? இருபது வருஷமாக எஸ்.க்யூ.எல். எழுதுகிறவன் நான், பூஜ்யத்துக்கும் நல்லுக்கும் வித்தியாசம் தெரியாத ஜூனியர்களைத் திட்டியிருக்கிறேன். ஆனால் பையன் கையில் கொடுக்கும் முன் கொடைக்கானல் என்று ஒரே ஒரு தடவை போட்டுச் சோதித்துப் பார்க்கவில்லை.

மாற்றம் சின்னதுதான். பதிலில் இன்னொரு புலம்: இந்த இடம் என் தரவில் அடங்குமா, இல்லையா. அடங்காது என்றால் ‘பள்ளியில் விசாரிக்கவும்’ என்று ஒரு வரி. விளக்கத்திலும் நாட்டின் பெயர். எழுதி, கருவியின் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

பையன் இப்போது பி.டி. சாரின் குரூப்பில் தானே சேர்ந்துவிட்டான். ஏஜெண்ட்டை அழிக்கவில்லை. “ஹோம்வொர்க்குக்கு வேணும் மாமா” என்கிறான்.