குறியும் வாக்குறுதியும்: விராலிமலைக் குறவஞ்சி மரபின் ஒளியில் பெத்லகேம் குறவஞ்சி

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலை, முருகன் கோயிலாலும் மயில்களாலும் மட்டுமன்றிக் குறவஞ்சி ஆட்டத்தாலும் அறியப்படும் ஊராகும். சதிர் மரபில் ஆடப்பெற்ற விராலிமலைக் குறவஞ்சியை இக்காலம்வரை காத்துவந்தவர்களுள் 2022இல் பத்மஸ்ரீ விருதுக்குரியவரான முத்துக்கண்ணம்மாள் குறிப்பிடத்தக்கவர். இதே இலக்கிய வகையைக் கிறித்தவப் பொருளுக்கு உரியதாக்கிப் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). விசுவாசம் தரும் நம்பிக்கையையும் ஆன்ம வலிமையையும் புலப்படுத்தக் குறவஞ்சி எவ்வகையில் இடந்தந்தது, எவ்விடத்தில் இடர்ப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறி என்னும் சிக்கல்

குறவஞ்சியின் உயிர்நிலை குறி. உலாவரும் தலைவனைக் கண்டு மையலுற்ற தலைவிக்கு, அவனை அடைவாய் என்று குறத்தி உரைக்கும் சொல்லே ஆறுதல். ஆனால், குறிகேட்டலை விவிலியம் விலக்குகிறது. உபாகமம் 18ஆம் அதிகாரம் இதனை வெளிப்படையாகவே தடுக்கிறது. ஆகவே, குறியை நீக்கினால் குறவஞ்சி இல்லை. குறியை ஏற்றால் கோட்பாடு இடறும். இந்நெருக்கடியைச் சாஸ்திரியார் உருவகத்தால் கடக்கிறார். தலைவியாகிய தேவமோகினி திருச்சபை. குறிசொல்லும் சிங்கி விசுவாசம். இதனால் குறி, கைரேகையைப் பார்த்துக் கணிக்கும் எதிர்காலமாக இல்லாமல், முன்னரே அருளப்பெற்ற வாக்குறுதியை நினைவூட்டும் சொல்லாகிறது.

இம்மாற்றம் சொல்லாராய்ச்சி நோக்கிலும் கருதத்தக்கது. 'நம்பிக்கை' என்னும் ஒரு சொல்லே பொதுத் தமிழில் இறைப்பற்றையும் நாளையைப் பற்றிய உறுதியையும் குறிக்கிறது. சீர்திருத்தத் திருச்சபையினர் இவற்றை 'விசுவாசம்', 'நம்பிக்கை' எனப் பிரித்தனர். பிற்காலப் பொதுமொழிபெயர்ப்பு 'நம்பிக்கை', 'எதிர்நோக்கு' என்றது. பெத்லகேம் குறவஞ்சியில் இவ்விரண்டும் இரு பாத்திரங்களாக எதிரெதிர் நிற்கின்றன. ஏங்குபவள் தேவமோகினி, ஏக்கத்திற்கு உறுதி தருபவள் சிங்கி. விசுவாசமே எதிர்நோக்கின் அடிப்படை எனும் எபிரெயர் 11ஆம் அதிகாரக் கருத்து இங்கு நாடக உறவாக வடிவம் பெறுகிறது.

நிறைவேறாத கூடல்

குறவஞ்சியில் தலைவன் தலைவி கூடல் மேடையில் நிகழ்வதில்லை. குறி முடிந்ததும் கதை சிங்கனிடமும் சிங்கியிடமும் செல்கிறது. திருக்குற்றாலக் குறவஞ்சியில் இவ்வமைப்பைத் தெளிவாகக் காணலாம். பிற குறவஞ்சிகளில் வடிவமரபாக மட்டும் நிற்கும் இவ்விடைவெளி, சாஸ்திரியாரிடம் பொருளாழம் பெறுகிறது. கிறித்துவின் மறுவருகைக்குக் காத்திருக்கும் திருச்சபைக்குக் கூடல் இன்னும் வரவில்லை. வாக்குறுதி மட்டுமே கையிலுள்ளது. அக்காத்திருப்பின் நடுவே சிங்கன் விரிக்கும் வலை ஆன்மாக்களைத் தேடும் திருப்பணியாகிறது. எனவே இந்நூல் காட்டும் ஆன்ம வலிமை, துயர் நீங்கிய நிலையன்று. துயரினூடே செயலாற்றும் நிலையாகும்.

இழப்பும் முரணும்

எனினும் இவ்வுருவகத்திற்கு ஒரு விலை உண்டு. விராலிமலை முருகனுக்குக் குறத்தி அயலாளல்லள். வள்ளியின் வழியே அவள் அவனுக்கு உறவினள். அவளது மலைவளப் பேச்சு அவள் வாழும் நிலத்திலிருந்து எழுவது. பெத்லகேம் குறவஞ்சியின் சிங்கியோ ஒரு கருத்தின் வடிவம். பசியும் பரிசிலும் ஊர்சுற்றலும் உடைய மலைமகள் அங்குப் பின்னொதுங்குகிறாள்.

இம்முரண் நூலுக்கு வெளியேயும் தொடர்கிறது. 1820களில் திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டைக் கைவிடுமாறு புதிய மறைப்பணியாளர் வற்புறுத்தியபோது சாஸ்திரியார் அதனை எதிர்த்தார். விளிம்புநிலைக் குறத்தியின் வாயில் விசுவாசத்தின் குரலை வைத்த கவிஞர், வாழ்வில் அத்தகையோருடன் சமநிலையில் அமர்வதை ஏற்கவில்லை. மிஷனரி அதிகாரத்திற்கு எதிராகத் தமிழ்க் கிறித்தவ வழக்கைக் காக்க அவர் முயன்றார் என்பது இதன் மறுபக்கம். ஆனால் அவ்விளக்கம் முரணை விளங்கச் செய்யுமேயன்றி நீக்காது.

முடிவுரை

பெத்லகேம் குறவஞ்சி, குறியை வாக்குறுதியாகவும் மையலைக் காத்திருப்பாகவும் மாற்றிக் கிறித்தவ நம்பிக்கைக்குத் தமிழ்வடிவம் தந்தது. அவ்வகையில் அது வெறும் பெயர்மாற்றம் அன்று. அதேவேளை, நம்பிக்கையைச் சொல்லும் குரலுக்குரியவரை அந்நம்பிக்கையின் பந்தியில் அமர்த்துவது எவ்வாறு என்னும் வினாவை அது விடையின்றி விட்டுச்செல்கிறது. விராலிமலை போன்ற ஊர்களின் ஆட்டமரபோடு இணைத்துப் படிக்கும்போதே இவ்வினா முழுமையாகப் புலப்படுகிறது. தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வு, பாடுபொருளோடு நில்லாமல், கடன்பெற்ற வடிவத்தின் மனிதர்களையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.