ஆமா போடுகிறவர்

மேடையில் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர இப்போது நெல்லையிலும் வகுப்புகள் நடக்கின்றன. கையை எங்கே வைப்பது, கண்ணை எங்கே நிறுத்துவது, திரையில் எத்தனை வரி போடுவது எல்லாம் பாடத்தில் உண்டு. கேட்கிறவனைப் பற்றித்தான் பாடம் குறைவு. அதைப் படிக்க, கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு முன்னால் போய் உட்கார வேண்டும்.

எல்லார் கண்ணும் வீசுகோல் பிடித்துக் கதை சொல்லும் அண்ணாவி மேல் இருக்கும். குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை எல்லாம் அவரைச் சுற்றித்தான். எனக்கோ பின்பாட்டுக்காரரைப் பார்க்கத்தான் ஆசை. பாட்டு வரியை வாங்கிப் பாடுவதும் வசனத்துக்கு ‘ஆமா’ போடுவதும் அவர் வேலை. ஒரே சொல்தான். ஆனால் இழுத்துச் சொன்னால் அதில் சந்தேகம் தெரியும், வெட்டிச் சொன்னால் ‘மேலே சொல்லும்’ என்கிற அவசரம் தெரியும். கூட்டம் தூங்கி வழிகிற பின்னிரவில் ‘அது எப்படி?’ என்று அவர் இடைமறித்தால் நாலு தலை நிமிரும்.

முத்துப்பட்டன் கதையைக் கேளுங்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படுகிறவன் கதை, நா. வானமாமலை பதிப்பித்து அச்சிலும் வந்தது. பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க வந்த பிராமணப் பிள்ளையிடம் அந்தப் பெண்களின் அப்பா வாலப்பகடை சொல்கிறார்: பூணூலை அறுத்தெறி, செருப்புத் தைத்துக் கொண்டுவா. பல சாதிக்காரர்களும் உட்கார்ந்திருக்கும் ஊர் நடுவே இதைச் சொல்லியாக வேண்டும். நல்ல அண்ணாவி இங்கே குரலை உயர்த்தமாட்டார். சந்தையில் விலை கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு நிறுத்துவார். பின்பாட்டுக்காரரும் உடனே வாய் திறக்கமாட்டார். கூட்டம் யோசித்து முடித்த பிறகு தணிந்த குரலில் ஓர் ஆமா விழும். கூட்டத்தை அதட்டாமல் சங்கடமான சேதியைச் சொல்ல இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இந்த வித்தையைக் கொடைப் பந்தலிலிருந்து சபாவுக்கும் வானொலிக்கும் கொண்டுபோனவர் சத்திரம் புதுக்குளத்தில் 1928-ல் பிறந்த சுப்பு ஆறுமுகம். சென்னைக்கு அவரை அழைத்துக்கொண்டவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 2021-ல் பத்மஸ்ரீ வந்தது. மறு ஆண்டு காலமானார். மகள் பாரதி திருமகன் வில்லைத் தொடர்கிறார். சபா மேடையில் கதை சுருங்கியது, விடிய விடிய நீளும் சாவகாசம் போனது. ஆமா மட்டும் போகவில்லை.

துணைக்கு ஆளில்லாமல் தனியே நின்று பேசியவர்களும் இந்த மண்ணில் உண்டு. இராசவல்லிபுரத்து ரா.பி. சேதுப்பிள்ளைக்கு எதுகையும் மோனையும்தான் பின்பாட்டு என்பேன். முதல் சொல் விழுந்ததும் அடுத்த சொல்லைக் காது எதிர்பார்த்து நிற்கும்.

வில்லுக் குழுவில் சேர்ந்த பையனுக்கு எடுத்ததும் வீசுகோல் கிடைக்காது. பெரும்பாலும் ஜால்ராவிலோ கட்டையிலோ தொடங்கி, அண்ணாவி எங்கே மூச்சு வாங்குகிறார், கூட்டம் எங்கே அசைகிறது என்று கவனித்துக் கிடக்க வேண்டும். கேட்கப் பழகிய பிறகுதான் பேச்சு. நம் பயிற்சி வகுப்புகளில் முதல் நாளே ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரையிலோ ஆடியிலோ ஒரு கொடைக்கு உங்கள் மாணவர்களைக் கூட்டிப் போங்கள். நடுச்சாமம் தாண்டும்வரை எழுந்திருக்க விடாதீர்கள். அண்ணாவியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பின்பாட்டுக்காரரை நீங்கள் காட்டிக் கொடுங்கள்.