மறைவில் இட்ட வாக்கு

2022 யூலை 20இல் இலங்கைப் பாராளுமன்றத்தில் 223 பேர் வாக்களித்து நாட்டிற்குத் தலைவர் ஒருவரைத் தெரிந்தனர். ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3, செல்லாதவை 4. இருவர் வாக்களிக்காது விலகினர்.

ஆறு நாள் முன்னர் சிங்கப்பூரிலிருந்து பதவி துறந்த கோட்டாபய ராஜபக்சவுக்கு 2019இல் 69 இலட்சம் மக்கள் வாக்களித்திருந்தனர். எஞ்சிய காலத்துக்குரியவரைப் பாராளுமன்றமே தெரியலாம் என்கிறது அரசியலமைப்பின் 40ஆம் உறுப்புரை. ஆகவே சட்டப்படி குறையில்லை. ஆனால் 2020 பொதுத்தேர்தலில் எங்கும் ஓர் ஆசனமும் வெல்லாத கட்சி, தேசியப் பட்டியலில் பெற்ற ஒரே இடத்தின் வழியே அரச பீடம் ஏறிற்று. இதனை மக்கள் ஆணை என்பது மொழிக்குச் செய்யும் அநீதி.

நாம் மாத்தளையில் இருந்து பார்க்கிறோம். 1848 யூலையில், டொரிங்டன் ஆட்சியின் வரிக்கொடுமைக்கு எதிராகக் கிளர்ந்த மக்கள், இம்மாவட்டத்துத் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவை அரசனாக்கினர். அது தேர்தலன்று, முடியாட்சிக் கனவே. ஆயினும் யார் யாரைத் தலைவனாக ஏற்றார் என்பது ஊரறிய நடந்தது. அதற்குரிய விலையையும் அவர்கள் கொடுத்தனர்: புரன் அப்பு கண்டியிற் சுடப்பட்டான், பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டான்.

இரகசிய வாக்கு எளியோனின் கவசம். மன்னாரிற் கரையிறங்கி, காட்டுவழி நடந்து வந்து இம்மலைகளிற் காப்பி நட்டோரின் சந்ததிக்கு அதன் அருமை தெரியும். 1948இல் குடியுரிமையும் அதையடுத்து வாக்கும் பறிக்கப்பட்டு, அவர்களுட் பலர் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை நாடற்றோராய் இருந்தனர். துரைக்கும் கங்காணிக்கும் அஞ்சும் லயத்துத் தொழிலாளிக்கு வாக்குச்சீட்டின் மறைவு வேண்டும். ஆனால் அவன் பிரதிநிதிக்கு அதே மறைவு எதற்கு? கட்சித் தலைமையின் பிடியிலிருந்து தப்பவே என்பர் சிலர். அது மெய்யானாலும், கட்சிக்கு மறைத்ததை நமக்கும் சேர்த்தல்லவா மறைக்கிறார்! அன்று விலகி நின்ற இருவர் யாரென்று நாடறியும். செல்லாத நான்கு சீட்டும் எவருடையவை என்பதைச் சீட்டு சொல்லாது.

2024 செப்டெம்பர் 21இல் மக்களே வாக்களித்தபோது, சபையில் மூன்றே வாக்குப் பெற்றவர் வென்றார். 134 பெற்றவர் மூன்றாமிடத்துக்குச் சென்றார். இதைக் கொண்டு பழைய முடிவு அன்றே மக்களுக்கு மாறானது என்று நிறுவிவிட இயலாது. ஈராண்டில் மக்கள் மனம் மாறலாம். ஆனால் 2020இல் மாத்தளை தேர்ந்தனுப்பிய ஐவரும் அன்று தத்தம் சீட்டில் எப்பெயருக்கு நேரே இலக்கமிட்டனர் என்பதை, அவரவர் வாய்ச்சொல்லை நம்பித்தான் நாம் இன்றும் அறிய வேண்டியிருக்கிறது.