விடியும்வரை நிற்கிற பெட்டரி எது?

பசறை பஸாரில் நெற்றியில் கட்டும் டோர்ச் ஒன்று வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் உடனே அதை எரியவைத்துக் காட்டுவார். பகலிலும் கண் கூசும். பெட்டியின் முன்பக்கம் ‘ஒரு இலட்சம் லூமன்’ என்றும், பின்பக்கம் ‘9,900 மில்லி அம்பியர் மணி’ என்றும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். பின்பக்கத்து எண்ணை வாசித்தவுடனேயே அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த டோர்ச்சுகளுக்குள் பெரும்பாலும் இருப்பது 18650 எனப்படும் லித்தியம் உருளை. விட்டம் 18 மில்லிமீற்றர், நீளம் 65 மில்லிமீற்றர். பழைய மடிக்கணினிகளிலும் இதே உருளையைத்தான் போட்டார்கள்; மின்சாரச் சைக்கிள்கள் பலவற்றில் இன்றும் போடுகிறார்கள். பனசொனிக், சாம்சங், எல்ஜி போன்ற பெரிய நிறுவனங்கள் இந்த அளவில் செய்யும் நல்ல உருளைகளே 3,500 மில்லி அம்பியர் மணியைச் சுற்றித்தான் நிற்கின்றன. அதே உடம்புக்குள் 9,900 அடங்கவே அடங்காது.

தேயிலைத் தோட்டத்தில் நெற்றி டோர்ச் ஆடம்பரப் பொருள் இல்லை. லய வீட்டிலிருந்து கழிவறைக்குப் போகும் பாதையில் பெரும்பாலும் விளக்கு கிடையாது. விடியுமுன் பதுளை பஸ்ஸைப் பிடிக்க ஒற்றையடிப் பாதையில் இறங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இஸ்டோரில் இரவு வேலை முடிந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். மரவள்ளிக்கும் போஞ்சிக்கும் பன்றி இறங்காமல் காவல் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன, கரண்ட் போனது. நடு இரவில் குழந்தையை ஒரு கையிலும் பையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டிய வீட்டில், நெற்றியில் எரிகிற விளக்கு இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. தோட்டத் தொழிலாளருக்கு 2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளமே 1,350 ரூபாவாகத்தான் இருந்தது. ஒரு நாள் கூலியை எடுத்து வைத்து வாங்குகிறவருக்கு இரண்டு மணி நேரத்தில் மங்கிப்போகிற பொருளை விற்பதைச் சின்ன விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்று ரகங்களைப் பயன்படுத்திப் பார்த்தேன். முதலாவது, பெட்டரியைக் கழற்ற முடியாதபடி உள்ளேயே ஒட்டி மூடிய மலிவு ரகம். இரண்டாவது, தோட்டத்துக் கடையில்கூடக் கிடைக்கிற சின்ன மூன்று ஏ (AAA) பெட்டரி மூன்று போடும் ரகம். மூன்றாவது, 18650 ஒன்றைப் போட்டுக் கழற்றக்கூடிய, டைப் சி துளையில் சார்ஜ் ஆகும் ரகம்.

முதலாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எரியவைத்ததும் பிரமாதமான வெளிச்சம், அப்புறம் படிப்படியாக இறக்கம். உள்ளே இருக்கும் பெட்டரி செத்தால் விளக்கும் குப்பைக்குத்தான்.

இரண்டாவதை நான் ஒதுக்கமாட்டேன். மூன்று அல்கலைன் பெட்டரிகளிலும் சேர்த்து மூன்றரை வாட் மணி அளவுக்குத்தான் சக்தி இருக்கும். ஆனால் கரண்ட் நாட்கணக்கில் இல்லாதபோது சார்ஜ் போட இடம் தேடி அலைய வேண்டாம், புதிய பெட்டரி போட்டால் போதும். அலுமாரியில் அவசரத்துக்கென்று வைக்க நல்லது. தினமும் எரித்தால் பெட்டரிச் செலவு கட்டாது.

மூன்றாவதுதான் இங்கே வேலைக்கு ஆகிற ரகம். கணக்கு எளிமையானது. 3,000 மில்லி அம்பியர் மணி உள்ள ஒரு நல்ல உருளையை அதன் சராசரி 3.6 வோல்டால் பெருக்கினால் ஏறக்குறைய 10.8 வாட் மணி வரும். ஐந்து வாட்டில் எரித்தால் இரண்டு மணி நேரம், ஒரு வாட்டில் எரித்தால் ஒரு முழு இரவு. வாங்கும்போது உச்ச வெளிச்சத்தைப் பார்ப்பதைவிட, குறைந்த வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். பெரும்பாலான மலிவு விளக்குகளில் ‘குறைவு’ என்பதே கண்ணைப் பறிக்கும். பொத்தானை முதல் தடவை அழுத்தும்போதே குறைந்த வெளிச்சம் வருகிற விளக்கு எனக்குப் பிடித்தது. லயத்தில் ஒரே காம்பிராவில் பிள்ளைகள் தூங்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

காவலுக்குப் போகிற ஒரு மாமாவிடம் இந்த மூன்றாவது ரகத்தைக் கொடுத்தேன். கட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “வெளிச்சம் எம்புட்டுத் தூரம் போவுதுங்கிறது கெடக்கட்டும் தம்பி, விடிய வரைக்கும் நிக்குமா?” நின்றது, குறைந்த வெளிச்சத்தில் வைத்ததால். பன்றிச் சத்தம் கேட்டபோது மட்டும் உச்சத்துக்கு ஏற்றியதாகச் சொன்னார்.

நமுனுகுல மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கும்போது நெற்றி விளக்கில் ஒரு சங்கடம் உண்டு. கண்ணுக்குப் பக்கத்திலிருந்து புறப்படும் ஒளி, மூட்டத்திலுள்ள நீர்த்துளிகளில் பட்டு நேரே கண்ணுக்கே திரும்பி வருகிறது. முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். வெளிச்சத்தைக் கூட்டினால் சுவர் இன்னும் தடிக்கும். விளக்கை நெற்றியிலிருந்து கழற்றி இடுப்பளவில் பிடித்தால் பாதை தெரியத் தொடங்குகிறது. அதனால் பட்டியிலிருந்து விளக்கைத் தனியே கழற்றிக் கையில் பிடிக்க முடிகிற மாதிரியைத் தேடி வாங்குங்கள்.

இனி பெட்டரியை எப்படிப் பார்ப்பது? மிளகு வாங்குகிற கடையில் சின்ன டிஜிட்டல் தராசு இருக்கும். நல்ல 18650 உருளை 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். முப்பது கிராமுக்குப் பக்கத்தில் இருந்தால் உள்ளே அரைகுறைச் சரக்கு என்று நிச்சயமாகச் சொல்லலாம். எடை சரியாக இருப்பதாலேயே நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது; சின்ன உருளையை வைத்து மிச்ச இடத்தில் மாவையோ மணலையோ அடைத்து விற்பவர்களும் உண்டு. மல்டிமீற்றர் இருந்தால் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் காட்ட வேண்டும். ஓர் இரவு சும்மா வைத்துவிட்டு மறுபடி பார்க்கும்போது 4 வோல்டுக்கு இறங்கியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். பழைய மடிக்கணினியிலிருந்து பிரித்து, புது உறை போட்டு விற்கிற உருளைகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் மாட்டும்.

பாதுகாப்புச் சுற்று உள்ளதா என்று கேளுங்கள். உருளையின் அடியில் சிறு வட்டத் தகடாக அது ஒட்டியிருக்கும். மிதமிஞ்சிச் சார்ஜ் ஏறுவதையும், அடிமட்டம் வரை இறங்குவதையும், இரு முனைகளும் தவறுதலாகத் தொட்டுக்கொண்டால் மின்சாரம் தாறுமாறாகப் பாய்வதையும் அது தடுக்கும். ஆனால் இந்தத் தகட்டால் நீளம் 68, 69 மில்லிமீற்றருக்குப் போய்விடுவதால் சில விளக்குகளில் மூடி பூட்டாது. விளக்கையும் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தனி உருளையைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் சட்டைப் பையில் போடவே கூடாது. இரு முனைகளும் உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கலாம்.

சார்ஜ் போடும்போது ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது. புதுப் போன்களோடு வருகிற, இரண்டு முனையும் டைப் சியாக உள்ள வயரைப் போட்டால் மலிவு விளக்குகள் பல சார்ஜ் ஆவதே இல்லை. சார்ஜரிடம் கரண்ட் கேட்கிற இரண்டு சிறு தடையங்களைத் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்திருப்பார். விளக்கு பழுது என்று தூக்கி எறியாதீர்கள். ஒரு முனை பழைய அகலமான யூ.எஸ்.பி.யாக உள்ள வயரில் போட்டால் சிவப்பு விளக்கு எரியும். ஓர் அம்பியரில் ஏறினால் 3,000 உருளை நிரம்ப மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும்.

மழைக்காலத்தில் ஈரம் படாமலிருக்க அடுப்புக்கு மேலே பரணில் பொருட்களை வைப்பது நம் வீடுகளில் வழக்கம். லித்தியம் பெட்டரியை அங்கே வைக்காதீர்கள். சூடு அதன் ஆயுளை வேகமாகத் தின்னும், ஆபத்தும் கூட. வெறுமையாக்கிப் பல மாதம் கிடக்க விடுவதும் கெடுதல்தான். பாதி சார்ஜில் வைத்து அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். நசுங்கியது, இனிப்பு வாடை அடிப்பது, தொட்டால் காரணமில்லாமல் சுடுவது, இவற்றுக்கு மறுபடி சார்ஜ் போடக் கூடாது. அடுப்பில் எறிவது அதைவிட மோசம்.

ஒரு குடும்பத்துக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால், கழற்றக்கூடிய 18650 போடும் நெற்றி டோர்ச் ஒன்று, பெயர் உள்ள உருளைகள் இரண்டு, அலுமாரிக்கு மூன்று ஏ பெட்டரி விளக்கு ஒன்று என்பேன். காசு தட்டுப்பாடாக இருந்தால் விளக்கில் மலிவானதை எடுங்கள், உருளையில் எடுக்காதீர்கள். தோட்டத்து இளைஞர் கழகங்கள் சேர்ந்து நல்ல உருளைகளை மொத்தமாக வரவழைத்தால், தராசில் போட்டு, மல்டிமீற்றரில் பார்த்துப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு லயத்துக்கு ஒரு மல்டிமீற்றர் போதும்.