எட்வர்ட் ஆபியும் ஒரு மினிவேனும்

கோடை விடுமுறை நெருங்கினால் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரு வரைபடம் சுற்ற ஆரம்பிக்கும். லாஸ் வேகஸில் இறங்கி வாடகைக்கு ஒரு மினிவேன் எடுத்து, ஸயான், பிரைஸ், ஆர்ச்சஸ், மான்யுமெண்ட் வேலி, கிராண்ட் கேன்யன் என்று யூட்டாவையும் அரிசோனாவையும் ஒரு வட்டமடித்து மறுபடி வேகஸ். "ஏழே நாள்ல எல்லாத்தையும் கவர் பண்ணிடலாம் சார்" என்பார்கள். இந்தக் 'கவர் பண்ணுவது' இருக்கிறதே, அதன் மீது தீராத கோபம் கொண்டிருந்தவர் எட்வர்ட் ஆபி. 1968-இல் வெளிவந்த அவருடைய 'டெஸர்ட் ஸாலிட்டேர்' அந்தக் கோபத்தின் புத்தகம். அந்த நிலத்துக்குப் போகிறவர்கள் பையில் எடுத்துப்போகும் புத்தகமாகவும் அதுவே ஆகிவிட்டது.

ஆபி 1956, 1957 கோடைகளில் ஆர்ச்சஸில் ரேஞ்சராக வேலை பார்த்தார். அன்று அது தேசியப் பூங்கா இல்லை, 'நேஷனல் மான்யுமெண்ட்' மட்டுமே, 1971-இல்தான் பூங்காவானது. ஒரு டிரெய்லர் வீடு, மண் சாலை, எப்போதாவது வரும் கார். இரண்டு கோடைகளையும் ஒரே கோடையாக்கி எழுதினார். புதிய சாலைக்காக நில அளவைக்காரர்கள் அடித்துவிட்டுப் போன மரக்குச்சிகளை அவர் இரவில் நடந்துபோய் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறியும் இடம் புத்தகத்தில் ரொம்பப் பிரபலம். சாலை எப்படியும் வந்துவிட்டது. அதில்தான் நாமெல்லாம் போகிறோம்.

பூங்காக்களுக்குள் காரே கூடாது, புதுச் சாலை போடக் கூடாது, வருகிறவர்கள் நடக்கட்டும், சைக்கிளில் போகட்டும், முடியாதவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போங்கள் என்பது அவர் வாதம். அன்று இது குடிகாரனின் புலம்பல் போலக் கேட்டிருக்கும். ஆனால் 2000-இலிருந்து ஸயான் பள்ளத்தாக்குக்குள் சீசன் நேரத்தில் ஷட்டில் பேருந்துதான். ஆர்ச்சஸில் கூட்டம் தாங்காமல் 2022-இல் நேரம் முன்பதிவு செய்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். வாதத்தில் ஆபி ஜெயித்துவிட்டார் என்றே சொல்லலாம்.

எனக்குச் சிக்கல் வேறு இடத்தில். வயதானவர்கள், சின்னக் குழந்தைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி வருமென்று அவருக்குத் தெரியும். வயதானவர்களுக்கு இந்த நிலம் கெடாமல் இருந்தபோதே பார்க்க வாய்ப்பு இருந்தது, குழந்தைகள் கொஞ்சம் வளரும்வரை காத்திருக்கட்டும் என்று தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். தஞ்சாவூரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்த என் அம்மாவுக்கு அப்படி எந்த வாய்ப்பும் இருந்ததில்லை. முட்டிவலியோடு டெலிகேட் ஆர்ச்சின் மூன்று மைல் நடையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கீழே உள்ள பார்வையிடத்திலிருந்து அது தொலைவில் ஒரு சின்ன வளையம். அதைப் பார்த்துவிட்டு, "இங்க ஆடு மாடு எதைத் தின்னும்? தண்ணிக்கு எங்க போவாங்க?" என்றார். 'தண்ணீர்' என்று ஓர் அத்தியாயமே எழுதிய ஆபி, காரிலிருந்து இறங்கிய ஒரு கிழவியிடம் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்க மாட்டார். அவர் புத்தகத்தில் கார்க்காரர்கள் கழிப்பறை எங்கே, கோக் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்பவர்கள்.

நம் மரபில் பாலை ஒரு தனி நிலமே அல்ல. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். யூட்டாவில் அப்படியில்லை. கீழே சிவந்த மணற்பாறை, நிமிர்ந்தால் கோடையிலும் பனித்திட்டோடு லா ஸால் மலைகள், இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. வெயில் தாங்காமல் ஆபி அங்கே டுகூனிகவாட்ஸ் சிகரத்தில் ஏறுகிறார். யூட் பழங்குடி மொழியில் 'சூரியன் தங்கி நிற்கும் இடம்' என்று பொருள் சொல்கிறார். இறங்கும்போது ஒரு பாறைப் பலகை மேல் உட்கார்ந்து பனிச்சரிவில் சறுக்கிக்கொண்டு வருவார். அந்தப் பக்கங்களில் உள்ள குஷிக்காகவே புத்தகத்தை வாங்கலாம்.

நிலம் வேறுதான். ஆனால் பாலைக்கு உரிப்பொருள் பிரிவு என்று வைத்தார்களே, அதை இந்தப் புத்தகத்தோடு ஒட்டிப் பார்த்தால் ஒரு விரிசல் தெரிகிறது. சங்கப் பாடலில் சுரம் கடந்து போகிறவன் உண்டென்றால், வீட்டில் நாளை எண்ணிக்கொண்டு ஒருத்தியும் உண்டு. ஆபியின் பாலையில் யாரும் காத்திருப்பதில்லை. ஆனால் நிஜத்தில் அந்த டிரெய்லரில் சில காலம் அவர் மனைவி ரீட்டாவும் கைக்குழந்தையும் உடனிருந்தார்கள். புத்தகம் அவர்களை அப்படியே துடைத்துவிட்டது. எழுத்தாளன் வாழ்க்கையை வெட்டி ஒட்டுவதில் தப்பில்லை. அவர் வெட்டியது எதை என்பதுதான் விஷயம். குடும்பத்தோடு வருகிறவர்களை அத்தனை ஏளனம் செய்யும் புத்தகம், தன் குடும்பத்தை மறைத்துவைத்துக்கொண்டு தனிமையின் மகிமையைப் பேசுகிறது.

அந்த நிலமும் தனிமையாக இருந்ததில்லை. டெலிகேட் ஆர்ச் நடைபாதை தொடங்கும் இடத்திலேயே யூட் மக்களின் பாறைச் செதுக்கல்கள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு மரக் கேபின். உள்நாட்டுப் போரில் காயம்பட்ட ஜான் வெஸ்லி வுல்ஃப் 1898-இல் மகனோடு வந்து குடியேறிய இடம். 1906-இல் மகள் ஃப்ளோரா தன் கணவன் குழந்தைகளோடு வந்து, இந்த மண்தரையில் இருக்க முடியாது, பலகைத் தரை போட்ட வீடு வேண்டும் என்றதால் எழுந்தது அது. பிற்காலத்தில் ஆபி மெக்ஸிகோவிலிருந்து வருகிறவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்றும் எழுதினார். யாருக்கு நிலம், யார் அதிகப்படி என்ற கணக்கு இந்தப் புத்தகத்திலேயே தொடங்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் நான் இந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடவில்லை. காணாமல் போன ஒரு சுற்றுலாப்பயணியின் பிணத்தைத் தேடும் அத்தியாயத்தில், செத்தவனுக்காக உருகாமல், வெயிலில் அந்தக் கனத்தைச் சுமப்பவர்கள் திட்டிக்கொண்டும் ஜோக்கடித்துக்கொண்டும் வருவதை எழுதுகிறார். வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கே கண்ணீர் வழிந்திருக்கும். அதைவிட, க்ளென் கேன்யன் அத்தியாயம். 1959-இல் ஒரு நண்பரோடு ரப்பர் படகுகளில் கொலராடோ நதியில் மிதந்து போகிறார். அணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள், பார்க்கிற ஒவ்வொரு பாறை இடுக்கும் மூழ்கப் போகிறது என்று தெரியும். இங்கே அவருக்கு யாரையும் ஏளனம் செய்ய நேரமில்லை. புத்தகத்திலேயே பிரிவு உள்ள ஒரே பாலை இது. 1963-இல் அணையின் மதகுகளை அடைத்தார்கள். புத்தகம் வந்தபோது அந்த இடங்கள் தண்ணீருக்கடியில் போய்க்கொண்டிருந்தன.

2022-இல் அந்த ஏரி, லேக் பவல், கொள்ளளவில் கால்வாசிக்கும் கீழே வற்றியது. மூழ்கிப்போன பக்கப் பள்ளத்தாக்குகள் சில வெளியே வந்தன. சுவர்களில் பழைய நீர்மட்டம் வரைக்கும் வெள்ளைக் கறை. அதைப் பார்க்க ஆட்கள் போகிறார்கள், பெரும்பாலும் மோட்டார் படகில்.