எல்லாம் ‘அழித்தல்’ ஆகுமா?

ஒரு பொருளை முற்றாக இல்லாமற் செய்வதைக் குறிக்கும் வினைச்சொற்கள் ஆங்கிலத்தில் மிகப் பல. ‘டெஸ்ட்ராய்’, ‘டெமாலிஷ்’, ‘அபாலிஷ்’, ‘எராடிக்கேட்’, ‘எலிமினேட்’, ‘எக்ஸ்டெர்மினேட்’, ‘அனைஹிலேட்’, ‘ஒப்லிட்டரேட்’ என அவை நீளும். நம் மாணாக்கரின் மொழிபெயர்ப்பு ஏடுகளைப் புரட்டினால், இவ்வெட்டுக்கும் ‘அழி’ எனும் ஒரே சொல் நிற்கக் காணலாம். மாணாக்கரைக் குறை கூறிப் பயனில்லை. கையடக்க அகராதிகள் அவ்வாறே காட்டுகின்றன. அச்சொல் போதாதெனத் தோன்றும்போது ‘முற்றிலும்’, ‘அடியோடு’, ‘பூண்டோடு’ என ஓர் அடையைச் சேர்த்து ஒப்பேற்றும் வழியை நாளிதழ்கள் காட்டுகின்றன. அடை சேர்ந்தால் ஓசை பெருகுமேயன்றிப் பொருள் தெளிவதில்லை.

இச்சொற்கள் எவ்வளவு அழிந்தது என்பதைக் காட்டிலும், எவ்வாறு இல்லாமற் போயிற்று என்பதிலேயே வேறுபடுகின்றன. ‘டெமாலிஷ்’ என்பது கட்டியதைக் குலைத்தல். அதற்கு நம்மிடம் ‘இடி’ உண்டு, ‘தகர்’ உண்டு. ‘அபாலிஷ்’ சட்டம், வழக்கம், பதவி, முறைமை ஆகியவற்றுக்கே உரியது. ஒரு வீட்டையோ காட்டையோ ‘அபாலிஷ்’ செய்ய இயலாது. அதற்கு நேரான தமிழ் ‘ஒழி’. மலாயாவுக்கான இந்திய ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது என எழுதுகிறோமே, அது மிகப் பொருத்தமான ஆட்சி. நின்றுபோதல், தவிர்தல் என்பன ‘ஒழிதல்’ என்பதன் பழம்பொருள்கள். எஞ்சுதல் என்ற பொருளும் அதற்குண்டு. யாப்பருங்கலக்காரிகையின் இறுதி இயல் ‘ஒழிபியல்’ எனப் பெயர்பெற்றது அப்பொருள் பற்றியே. அம்முறை ஒழிந்தது, அதன்வழி வந்தோர் எஞ்சினர். ‘அழி’ என்று எழுதியிருந்தால் இந்நயம் கிட்டுமா?

பொருள் மயக்கத்தால் உண்மையான கேடு விளையும் இடம் ஒன்றுண்டு. அது நோய்களைப் பற்றிய எழுத்து. ‘எராடிக்கேட்’ என்பதில் வேர் எனும் இலத்தீன் சொல் உள்ளது; எனவே அது வேரோடு பிடுங்குதல். ‘எலிமினேட்’ என்பதில் இருப்பதோ வாயிற்படி. அது வாசலுக்கு வெளியே தள்ளுதல். மருத்துவத் துறை இவ்விரண்டையும் கண்டிப்பாகப் பிரித்தே ஆள்கிறது. ஒரு நோய் ஒரு நாட்டிலோ வட்டாரத்திலோ பரவாமல் நின்றால் அது ‘எலிமினேஷன்’. உலகெங்கும் நிலையாக இல்லாமற் போனால்தான் ‘எராடிக்கேஷன்’. பெரியம்மை இயற்கையாக இறுதியில் ஒருவரைத் தாக்கியது 1977இல், சோமாலியாவில். 1980இல் உலகச் சுகாதார மன்றம் அந்நோய் வேரறுந்ததென அறிவித்தது. மாடுகளைத் தாக்கிய வெக்கை நோய் 2011இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. இதுவரை வேரறுந்தவை இவ்விரண்டே.

மலேரியாவின் கதை வேறு. 1955இல் அதனை உலகளவில் வேரறுக்கத் தொடங்கிய முயற்சி 1969இல் கைவிடப்பட்டது. சிங்கப்பூர் 1982இல் மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. அது வாசலுக்கு வெளியே தள்ளிய வெற்றி. வாசலைக் காவாவிடில் நோய் மீளும். மலேசியாவிலும் 2018 முதல் மனித மலேரியா உள்நாட்டில் தொற்றவில்லை. ஆயினும் குரங்குகளிடமிருந்து தொற்றும் மலேரியா நின்றபாடில்லை. இவ்விரு நிலைக்கும் ‘மலேரியா ஒழிப்பு’ என ஒரே தலைப்பிட்டால், படிப்பவர் காவல் இனி வேண்டா எனக் கருதுவார். முன்னதற்கு ‘வேரறுத்தல்’ என்றும் பின்னதற்கு ‘அகற்றுதல்’ என்றும் வகுத்துக்கொள்வதில் நமக்கு என்ன தடை? தோட்டத்தில் லாலாங் புல்லோடு போராடியவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதே இல்லை. மேலே வெட்டுவது வேறு, மண்ணுக்குள் ஓடும் தண்டைத் தோண்டி எடுப்பது வேறு என அவர்கள் கைகளே அறியும்.

சொற்பிறப்பை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதும் தகாது. ‘எக்ஸ்டெர்மினேட்’ இலத்தீனில் எல்லைக்கு அப்பால் துரத்துதலாக இருந்தது. இன்று எலியையும் கரையானையும் எஞ்சாமற் கொல்லுதலைக் குறிக்கிறது. ‘டெசிமேட்’ என்பது உரோமப் படையில் பத்துப் பேருக்கு ஒருவரைக் கொல்லும் தண்டனை. இன்று பெரும்பகுதியைக் கொல்லுதல் என விரிந்துள்ளது. அதனையும் ‘பூண்டோடு அழித்தான்’ என மொழிபெயர்க்கிறார்கள்! பத்தில் ஒன்பது பேர் உயிரோடு நின்ற தண்டனையை நாம் பத்துப் பேருக்கும் விதித்துவிடுகிறோம்.

‘அழி’ என்பது குறையுள்ள சொல்லன்று. பலகையில் எழுதியதைத் துடைப்பதும் அழித்தலே. அதனாலன்றோ எழுதுகோலின் துணைக்கருவிக்கு ‘அழிப்பான்’ எனப் பெயர். உருக்குலைதல், வடிவு மறைதல் என்பன அதன் உட்பொருள். எனவே எழுத்தைத் தன்னுள் கொண்ட ‘ஒப்லிட்டரேட்’ என்பதற்கே அது மிக அணுக்கமானது. மலாய்மொழியிலும் எழுத்தைத் துடைப்பதற்கும் தீயை அணைப்பதற்கும் ‘பாடாம்’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. பூச்சியையும் ஊழலையும் தொலைப்பதற்கு ‘பஸ்மி’ என்ற வேறு சொல். இது சாம்பலைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது. நாம் ‘பஸ்பமாக்கினான்’ என்பதும் அதே சாம்பல்தான். மும்மொழி பயிலும் நம் மாணாக்கர் முன் இச்சொற்களை அருகருகே எழுதிவைத்து, எது வேர், எது வாசல், எது சாம்பல் என்று கேட்டுப் பார்க்கலாம். அகராதியை அவர்கள் அதன் பிறகு திறக்கட்டும்.