முதல் வரியிலேயே ஒரு தீர்ப்பு

சிறந்த முதல் வரிகளைப் பட்டியல் போடுகிறவர்கள் ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ (1942) நாவலை விடுவதே இல்லை. அம்மா இறந்ததை மெர்சோ சொல்கிற வறட்டுத் தொனிதான் காரணம்ங்கிறாங்க. அது பாதிதான். படித்ததுமே ‘என்ன மனுசன்யா இவன்!’ என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பிற்பாதியில் நீதிமன்றமும் அதையேதான் செய்கிறது. கொலையைவிட, அம்மாவின் அடக்கத்தில் அவன் அழாததுதான் அங்கே பெரிய குற்றம்.

இத்தனைக்கும் பிரெஞ்சில் அவன் சொல்வது, குழந்தைகள் அம்மாவைக் கூப்பிடும் சொல். ஸ்டூவர்ட் கில்பர்ட்டின் 1946 ஆங்கில மொழிபெயர்ப்பு அதை விறைப்பான ‘மதர்’ ஆக்கியது. 1988-இல் மாத்யூ வார்ட் பிரெஞ்சுச் சொல்லையே வைத்துக்கொண்டார். நம்ம ‘அம்மா’வுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

நாவலை முடித்துவிட்டுத் திரும்பி வந்தால் முதல் வரி வேறு வரியாகத் தெரியணும். என் அளவுகோல் அதுதான்.